எல்லைக்கோட்டில் தில்லித் தலைவர்கள்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளில் சில தமிழ்ப் பாட்டோடு வரும், சில தெலுங்குப் பாட்டோடு வரும். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தணிகை முருகன் அடுத்த மாநிலத்துச் சாமி அல்ல. கொடுக்கல் வாங்கலும் கல்யாண உறவும் எல்லையைத் தாண்டியே நடக்கின்றன. பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, பொதட்டூர்பேட்டை விசைத்தறிகளில் இரண்டு மொழியும் ஒரே கூடத்தில் கேட்கும். ஆனால் வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் இந்த இரு பக்கத்தாரும் பிரிந்துவிடுகிறார்கள். ஒரே பிரதமர், ஒரே பிரச்சாரம், ஒரே தொலைக்காட்சி முகம். முடிவு மட்டும் இங்கே ஒன்று, அங்கே வேறொன்று.

நாட்டை ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்று இரண்டாகப் பிரித்து நிறுத்தும் ஒரு தேசியத் தலைவருக்கு மக்கள் ஏன் வாக்களிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஆதரவாளர்கள் தலைவரின் ஆளுமையைக் காரணம் காட்டுவார்கள். எதிர்ப்பாளர்கள் வெறுப்புப் பிரச்சாரத்தையும் மக்களின் அறியாமையையும் காரணம் காட்டுவார்கள். இரண்டு பதில்களும் தலைவர் மீதே கண்ணை வைத்திருக்கின்றன. அவை சரியென்றால், ஒரே மாதிரி மக்கள் வாழும் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் முடிவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. இந்திரா காந்தி, நரேந்திர மோடி ஆகிய இருவருக்கும் இந்த எல்லைப் பகுதி அளித்த பதில்களைப் அருகருகே வைத்துப் பார்த்தால், தில்லித் தலைவருக்கான ஆதரவு பெரும்பாலும் உள்ளூரில் உருவாகிறது என்பது தெரியவரும்.

ஒரு கோடு, இரண்டு அரசியல்

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போனது. ம.பொ.சிவஞானமும், இப்பகுதித் தமிழாசிரியர் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், நடுவர் படாஸ்கரின் பரிந்துரை, 1959இன் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மக்கள் வீடு மாறவில்லை, கோடுதான் மாறியது. அந்த ஒரு மாற்றத்தால் இந்த ஊர் திமுக, அண்ணா திமுக என்ற கட்சி உலகத்துக்குள் வந்தது. கோட்டுக்கு அப்பால் இருந்தவர்கள் காங்கிரஸ், பிறகு தெலுங்கு தேசம், பிறகு ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் என்ற வேறொரு உலகத்துக்குள் வளர்ந்தார்கள்.

இத்தகைய எல்லைகளை ஆய்வாளர்கள் இயற்கையாகவே அமைந்த சோதனைக்களமாகக் கருதுகிறார்கள். அரசியல் அறிஞர் டேனியல் போஸ்னர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. ஆப்பிரிக்காவில் காலனி ஆட்சி வரைந்த கோடு செவா, தும்புகா என்ற இரு இனங்களையும் ஊடறுத்துச் சென்றது. மலாவி பக்கத்தில் இந்த இரு இனத்தாரும் அரசியல் எதிரிகள், ஜாம்பியா பக்கத்தில் தோழர்கள். பண்பாட்டு வேறுபாடு இரு பக்கமும் ஒன்றுதான். மலாவியில் இரு இனங்களும் தனித்தனியே ஆட்சிக்குப் போட்டியிடும் அளவுக்குப் பெரியவை. ஜாம்பியாவில் அப்படி இல்லாததால் சேர்ந்து நிற்கின்றன. பண்பாடு எப்போது வாக்காக மாறும் என்பதைச் சுற்றியுள்ள அரசியல் களமே தீர்மானித்தது. திருத்தணி எல்லைக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இந்திராவுக்கு விழுந்த வாக்கு

நெருக்கடிநிலைக்குப் பிந்தைய இந்திரா காந்தியைவிட நாட்டைப் பிளந்த தலைவர் அன்று வேறு எவரும் இல்லை. 1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவரே ரேபரேலியில் தோற்றார். ஆனால் தமிழ்நாட்டில் அண்ணா திமுக, காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் கூட்டணி 39இல் 34 தொகுதிகளை வென்றது. திருத்தணிப் பகுதியை உள்ளடக்கிய அரக்கோணத்தில் காங்கிரஸின் ஓ.வி.அளகேசன் வென்றார். எல்லைக்கு அப்பால் ஆந்திரம் 42இல் 41ஐக் காங்கிரஸுக்கே கொடுத்தது.

வடக்கில் கட்டாயக் கருத்தடையும் குடிசை இடிப்பும் நேரடியாகத் தாக்கிய அளவுக்குத் தெற்கைத் தாக்கவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் தமிழ்நாடு நெருக்கடிநிலையின் கொடுமையை அறியாத மாநிலம் அல்ல. 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டது. மிசா தடுப்புக்காவல் சட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் அடைக்கப்பட்டார்கள், பலர் சிறையில் அடிபட்டார்கள். அதன் பிறகும் இந்திராவின் அணி 34 தொகுதிகளை வென்றது என்றால், அந்த வாக்கில் அண்ணா திமுக தலைவர் எம்.ஜி.ஆரின் பங்கு எவ்வளவு என்று கேட்டாக வேண்டும். அதற்கான விடை மூன்றே மாதத்தில் வந்தது. ஜூன் சட்டமன்றத் தேர்தலில் இரு கட்சிகளும் தனித்தனியாக நின்றன. அண்ணா திமுக 234இல் 130ஐ வென்று ஆட்சி அமைத்தது. காங்கிரஸுக்குக் கிடைத்தவை 27.

1980இல் இதே பாடம் இன்னும் கூர்மையாகத் திரும்பியது. தன் ஆட்சியைக் கலைத்த இந்திராவோடு திமுக கைகோத்தது. ஜனவரி மக்களவைத் தேர்தலில் அந்தக் கூட்டணி 39இல் 37ஐ வாரிக்கொண்டது. அந்தத் தீர்ப்புக்கு ஓர் உள்ளூர்க் காரணம் உண்டு. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று எம்.ஜி.ஆர். அரசு 1979இல் வரம்பு விதித்திருந்தது. தோல்விக்குப் பின் எம்.ஜி.ஆர். அந்த வரம்பை நீக்கி, ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50ஆக உயர்த்தினார். பிப்ரவரியில் தில்லி அவருடைய ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் அதே வாக்காளர்கள் அவரை 129 இடங்களோடு மீண்டும் அமர்த்தினார்கள். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் இந்திரா மாறவில்லை. மாறியது மாநிலக் கணக்கு.

1984 டிசம்பர்தான் எல்லைக்கோட்டை அப்பட்டமாகக் காட்டிய தேர்தல். இந்திரா கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாடு முழுக்க அனுதாப அலை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். தமிழ்நாட்டில் காங்கிரஸ், அண்ணா திமுக கூட்டணி 37 தொகுதிகளை வென்றது. அரக்கோணம் மீண்டும் காங்கிரஸுக்கே. கோட்டுக்கு அப்பால் தெலுங்கு தேசம் 42இல் 30ஐ வென்று மக்களவையின் மிகப்பெரிய எதிர்க்கட்சியானது. சித்தூரும் திருப்பதியும் அதில் அடக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் என்.டி.ராமராவின் ஆட்சியை ஆளுநர் ராம்லால் நீக்கியதும், ஒரு மாதத்தில் ராமராவ் மீண்டும் முதல்வரானதும் அங்கே தெலுங்கர் மானப் பிரச்சினையாகி இருந்தது. மறைந்த தலைவர் மீதான துக்கம் இரு பக்கமும் உண்மையானதுதான். ஓரிடத்தில் அந்தத் துக்கம் மாநிலத் தலைவரோடு சேர்ந்து பயணித்தது. இன்னோரிடத்தில் மாநிலத் தலைவர் அதற்கு எதிரே நின்றார்.

இதனால் இந்திராவுக்குத் தமிழ்நாட்டில் சொந்தச் செல்வாக்கே இல்லை என்று ஆகிவிடாது. காமராஜர் 1975இல் மறைந்த பிறகு மூப்பனார் உள்ளிட்ட பழைய காங்கிரஸார் பலர் இந்திராவிடம் வந்தார்கள். ஏழைப் பெண்களுக்கு அவர் மீது தனிப் பாசம் இருந்தது. அந்தச் செல்வாக்கு ஓர் அடித்தளத்தைக் கொடுத்தது. அடித்தளம் தொகுதிகளாக மாறியது மாநிலக் கட்சி துணைநின்றபோதுதான்.

மோடி: இரண்டு, பூஜ்யம், மூன்று

2014இல் பாரதிய ஜனதா 31 சதவீத வாக்கோடு 282 இடங்களை வென்றது. 2019இல் 37 சதவீதம், 303 இடங்கள். 2024இல் 36 சதவீதத்துக்குச் சற்று மேல், 240 இடங்கள். மோடி என்ற தனிமனிதர் இதில் எவ்வளவு முக்கியம் என்பதை லோக்நிதி–சிஎஸ்டிஎஸ் ஆய்வு காட்டியது. மோடி பிரதமர் வேட்பாளராக இல்லாவிட்டால் வேறு கட்சிக்கு வாக்களித்திருப்போம் என்று 2019இல் அக்கட்சிக்கு வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சொன்னார்.

இந்த அலையை ஆந்திரப் பக்கத்தில் பாருங்கள். 2014இல் மோடியும் தெலுங்கு தேசத் தலைவர் சந்திரபாபுவும் ஒரே மேடையில் நின்றார்கள். திருத்தணியிலிருந்து 70 கிலோமீட்டருக்குள் உள்ள திருப்பதியில்தான் மோடி ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து வாக்குறுதியைத் தந்தார். தெலுங்கு தேசத்தின் துணையோடு, தெலங்கானா நீங்கிய ஆந்திரத்தில் பாஜகவுக்கு 2 இடங்கள் கிடைத்தன. வாக்குறுதி நிறைவேறவில்லை. 2018 மார்ச்சில் தெலுங்கு தேசம் கூட்டணியை விட்டு வெளியேறியது. நாடு மோடியை இன்னும் பெரிய பலத்தோடு தேர்ந்தெடுத்த 2019இல் ஆந்திரத்தில் பாஜகவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நோட்டாவுக்கு அதைவிட அதிகம் விழுந்தது. 2024இல் தெலுங்கு தேசமும் ஜனசேனாவும் மீண்டும் கைகொடுத்தன. பாஜக 6 இடங்களில் நின்று 3ஐ வென்றது, வாக்கு 11 சதவீதத்தைக் கடந்தது. இரண்டு, பூஜ்யம், மூன்று. பத்தாண்டில் தலைவர் ஒருவரே.

திருப்பதித் தொகுதியில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2024 மே 13 அன்று அங்கே சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. திருப்பதி மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஏழு சட்டமன்றத் தொகுதிகளையும் தெலுங்கு தேசமும் ஜனசேனாவும் வென்றன. ஆனால் மக்களவைக்கு நின்ற பாஜக வேட்பாளர் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸிடம் சுமார் 14,500 வாக்கில் தோற்றார். அவர் தேர்தலுக்குச் சற்று முன்புதான் அந்தக் கட்சியிலிருந்து வந்தவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எப்படியானாலும், நாட்டின் மிகப் புகழ்பெற்ற வைணவத் தலத்தில், சாதகமான அலையில், தெலுங்கு தேசத்தின் சைக்கிளுக்கும் ஜனசேனாவின் கண்ணாடி டம்ளருக்கும் அழுத்திய விரல்களில் ஒரு பகுதி தாமரைக்கு அழுத்தவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2014இல் ஜெயலலிதா ‘மோடியா, இந்த லேடியா’ என்று கேட்டு 39இல் 37ஐ வென்றார். அரக்கோணத்தில் அண்ணா திமுகவின் கோ.அரி வென்றார். 2019இலும் 2024இலும் திமுகவின் ஜெகத்ரட்சகன், இரண்டு முறையும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில். இந்த மூன்று தேர்தல்களிலும் தேசிய ஜனநாயகக் கூட்டணி அரக்கோணத்தைப் பாமகவுக்கே ஒதுக்கியது. ஆகவே மோடி பிரதமராக வேண்டும் என்று விரும்பிய திருத்தணி வாக்காளர் பத்தாண்டுகளாக அழுத்த வேண்டியிருந்தது பாமகவின் மாம்பழச் சின்னத்தை. அந்த மாம்பழ வாக்கில் மோடிக்கு எவ்வளவு, டாக்டர் ராமதாஸுக்கு எவ்வளவு, வன்னியர் ஒற்றுமைக்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. தேசியத் தலைவர் இங்கே உள்ளூர்ச் சாதி, உள்ளூர்க் கட்சி, உள்ளூர்ச் சின்னம் வழியாகவே வந்து சேர்ந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு முயற்சி

உள்ளூரின் வழியாக வர வேண்டியிருக்கிறது என்பதைத் தமிழக பாஜக நன்றாகவே உணர்ந்திருந்தது. 2020 ஜூலையில் ‘கறுப்பர் கூட்டம்’ என்ற யூடியூப் சேனல் கந்த சஷ்டி கவசத்தை இழிவுபடுத்திய விவகாரம் முருக பக்தர்களை உண்மையிலேயே புண்படுத்தியது. அந்த மனவருத்தத்தை அரசியல் ஆதரவாக மாற்ற அன்றைய மாநிலத் தலைவர் எல்.முருகன் வேல் யாத்திரையை அறிவித்தார். அது நவம்பர் 6 அன்று திருத்தணியில் தொடங்கி, டிசம்பர் 6 அன்று திருச்செந்தூரில் முடிவதாக இருந்தது. டிசம்பர் 6 பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாள் என்பதால் எதிர்ப்பு வலுத்தது. கொரோனா பரவலைக் காட்டி அனுமதி மறுத்தது, கூட்டணிக் கட்சியான அண்ணா திமுகவின் அரசே. திருத்தணியில் எல்.முருகன் கைது செய்யப்பட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை பலரும் கவனிக்கத் தவறியவை. 2021 ஜனவரி தொடக்கத்தில் எடப்பாடி பழனிசாமி தைப்பூசத்தைப் பொதுவிடுமுறையாக அறிவித்தார். அதே மாதம் திருத்தணிப் பகுதியில் நடந்த கிராமசபைக் கூட்டத்தில் மு.க.ஸ்டாலின் கையில் வெள்ளி வேல் ஏந்தினார். ஆட்சிக்கு வந்தபின் திமுக அரசு 2024 ஆகஸ்டில் பழனியில் முத்தமிழ் முருகன் மாநாட்டையே நடத்தியது. முருகனின் வேலைத் தனதாக்க ஒரு தேசியக் கட்சி முயன்றதும், இரண்டு திராவிடக் கட்சிகளும் அதைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. 2021 தேர்தலில் பாஜக பெற்றது 4 இடங்களும் 2.6 சதவீத வாக்கும். எல்.முருகன் தாராபுரத்தில் தோற்றார். திருத்தணியில் திமுகவின் எஸ்.சந்திரன் வென்றார்.

பக்தி இங்கே வலுவாக இருக்கிறது. மலைப்படிகளில் ஆண்டின் கடைசி இரவில் நடக்கும் படித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பக்தர் வேறு, பக்தியின் பேரில் எதிரியைத் தேடும் வாக்காளர் வேறு. ஒருவரை மற்றவராக மாற்ற, தன் தெய்வத்துக்கு ஆபத்து வந்துவிட்டது, அதைக் காக்க உள்ளூரில் யாரும் இல்லை என்ற இரண்டு எண்ணங்களும் தேவை. முதல் எண்ணத்தை 2020இல் ஓரளவு விதைக்க முடிந்தது. இரண்டாவதற்கு மாநிலக் கட்சிகள் இடம் கொடுக்கவில்லை.

வடக்கில் வேலை செய்தவை

வட மாநிலங்களில் மோடி ஆதரவை ஆராய்ந்தவர்கள் வெறும் வெறுப்பை மட்டும் கண்டதாகச் சொல்லவில்லை. நீலாஞ்சன் சர்க்கார் 2019 தேர்தலை ‘விசுவாச அரசியல்’ என்று வர்ணித்தார். கொள்கைகளை எடைபோட்டு வாக்களிப்பதற்குப் பதிலாக, இந்த மனிதர் நமக்காகச் சரியானதையே செய்வார் என்று ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது அது. பிரதீப் சிப்பர், ராகுல் வர்மா இருவரும் 2018இல் வெளியிட்ட நூலில் இந்திய வாக்காளர் கருத்தியல் இல்லாதவர் என்ற பழைய முடிவை மறுத்தார்கள். சமூக வழக்கங்களில் அரசு எவ்வளவு தலையிடலாம், சலுகைகள் யாருக்கு என்ற கேள்விகளில் மக்களுக்குத் தெளிவான நிலைப்பாடு உண்டு என்பது அவர்கள் வாதம்.

நலத்திட்டம் இன்னொரு வலுவான காரணம். 2016இல் தொடங்கிய உஜ்வலா எரிவாயு இணைப்பு, விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், கொரோனாக் காலத்து 5 கிலோ இலவச தானியம் ஆகியவை, அதுவரை அரசின் கை எட்டாத வீடுகளுக்குப் பிரதமரின் பெயரோடும் படத்தோடும் போய்ச் சேர்ந்தன. முதன்முதலில் கதவைத் தட்டியவருக்கு அந்த வீடு நன்றி காட்டியது. அதை விலைபோன வாக்கு என்று இகழ்வது அந்த ஏழைக்குச் செய்யும் அநியாயம்.

திருத்தணிப் பகுதி வீட்டில் அந்த முதல் தட்டல் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, எல்லாருக்குமான ரேஷன், 2011 முதல் இலவச அரிசி, 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை. மத்திய அரசின் பணம் கலந்த திட்டம்கூட இங்கே மாநில ஆட்சியின் முகத்தோடுதான் வருகிறது. விசைத்தறிக்காரருக்குத் தில்லி நினைவுக்கு வருவது நூல் விலையும் ஜிஎஸ்டியும் கடிக்கும்போது. வடக்கே பெருமையாக உணரப்பட்டது இங்கே சுமையாக உணரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமைப்பு பலமும் அப்படியே. வடக்கில் ஆர்.எஸ்.எஸ். கிளைகள் பல பத்தாண்டுகளாகச் செய்த வேலையை இங்கே திமுக, அண்ணா திமுக கிளைச் செயலாளர்கள் செய்கிறார்கள். சாவு வீட்டுக்கு முதலில் வருபவர், முதியோர் ஓய்வூதிய மனுவை எழுதித் தருபவர், வாக்குச்சாவடியில் முகவராக உட்கார்பவர் எல்லாம் ஒருவரே. அந்த இடத்தைத் தொலைக்காட்சியில் தெரியும் முகம் நிரப்ப முடியாது.

கதவு திறக்கும் விதம்

இவற்றையெல்லாம் வைத்துத் தமிழ் மண்ணில் பிளவு அரசியல் எடுபடாது என்று மார்தட்டுவது தவறு, ஆபத்தும்கூட. 1977இல் நெருக்கடிநிலையைக் கொண்டுவந்தவருக்கு இதே மண் 34 தொகுதிகளைக் கொடுத்தது. 2024இல் தாமரைச் சின்னத்தில் 23 தொகுதிகளில் நின்றவர்கள் மாநில வாக்கில் 11 சதவீதத்துக்கு மேல் பெற்றார்கள். 2019இல் 5 தொகுதிகளில் நின்று பெற்ற 3.7 சதவீதத்தோடு அதை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் கோவை போன்ற தொகுதிகளில் அக்கட்சி அண்ணா திமுகவைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தது உண்மை. ஆந்திரத்தில் ஏறக்குறைய இதே 11 சதவீதம் 3 இடங்களைத் தந்தது, தமிழ்நாட்டில் ஒன்றும் தரவில்லை. இடைப்பட்ட வித்தியாசம் கைகொடுக்கும் மாநிலக் கட்சி.

ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்த பிறகு அண்ணா திமுக பிளந்தது, சேர்ந்தது, மீண்டும் பிளந்தது. அந்தக் கட்சி விட்ட வெற்றிடத்தில்தான் பாஜகவின் வளர்ச்சி முக்கியமாக நடந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அண்ணா திமுக மீண்டும் பாஜகவோடு கூட்டணி சேர்ந்தது. ஒரு மாநிலக் கட்சி தளரும்போது அதன் தொண்டர் எங்கே போவார், ஊராரின் மனுக்களை யார் எழுதுவார், ஊர்க் கோயில் திருவிழாவில் யார் முன்னே நிற்பார் என்ற சிறிய கேள்விகளில்தான் தேசியத் தலைவரின் எதிர்காலம் எழுதப்படுகிறது.

ஆகவே ஒரு பிளவுபடுத்தும் தலைவர் வளர்வதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், அவருடைய பேச்சுகளை மறுப்பதோடு நின்றால் போதாது. அவருக்கு வாக்களித்தவரை முட்டாள் என்று ஏசுவதால் ஒரு வாக்கும் திரும்பாது. அந்த வாக்கில் நன்றி இருக்கலாம், மானம் இருக்கலாம், உள்ளூர்க் கட்சி மீதான சலிப்பு இருக்கலாம், அண்டை வீட்டுக்காரர் மீது ஊட்டப்பட்ட பயமும் இருக்கலாம். இவற்றில் பயம் ஒன்றைத்தான் சகித்துக்கொள்ளக் கூடாது. மற்றவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை மாநிலக் கட்சிகளுக்கு இருக்கிறது. தேர்தல் கணக்குக்காக யாரோடும் சேர்ந்து, தங்கள் தொண்டரின் உழைப்பை இன்னொருவரின் கொள்கைக்கு வாகனமாக்கும் ஒவ்வொரு கட்சியும் அந்தக் கொள்கையின் விளைவுக்கும் பொறுப்பு. 1977லும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். தில்லியில் யார் அமர்வார் என்பதைத் திருத்தணியின் வாக்கு மட்டும் தீர்மானிக்காது. ஆனால் அவர் எந்த நிபந்தனையோடு இந்த ஊருக்குள் வரலாம் என்பதை இங்குள்ள கட்சிகளும் வாக்காளர்களுமே தீர்மானிக்கிறார்கள். அந்த உரிமையை அவர்கள் அறிந்தே பயன்படுத்த வேண்டும்.